எதிர்க்கடைப் படம்

"உங்க எதிர்க்கடைக்காரர் காலண்டருக்கு முருகன் சாமி படத்தத்தான் எடுத்திருக்காரு சார்."

எங்கள் சிவகாசி காலண்டர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த சேல்ஸ்மேன் போனில் ஒரு கடைக்காரரிடம் இப்படிச் சொன்னதும் நிமிர்ந்தேன். மேசையில் விரிந்து கிடந்த சாம்பிள் ஆல்பத்தின் மை வாசனையில், இதே நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் கண்முன் வந்தது.

வெளியூர் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் ஆல்பத்தைப் பட்டென்று மூடினார். "எதிர்க்கடைக்காரன் எந்தப் படம் எடுத்திருக்கான்? அதச் சொன்னாத்தான் ஆர்டர்."

அந்த சீசனே அவரை நம்பித்தான் இருந்தது. 'சொல்லித் தொலையேன்' என்பதுபோல அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா ஆல்பத்தின் அட்டையை முந்தானையால் துடைத்தாள். "ஒரே தெருவுல ரெண்டு கடைக்கு ஒரே படம் தர மாட்டோம் அண்ணாச்சி. அவுக எடுத்தது எதுன்னு மட்டும் கேக்காதீக."

அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். நான் பள்ளிக்கூடப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னாலேயே ஓடப்போன அப்பாவை அம்மா கைநீட்டி மறித்தாள்.

படியில் நின்றவர் திரும்பினார். "நான் எடுக்கிறதயும் அவன்ட்ட சொல்ல மாட்டீகல்ல?"

"மாட்டேன்."

செருப்பைக் கழற்றினார்.

நான் எழுந்து சேல்ஸ்மேன் கையிலிருந்து போனை வாங்கினேன். அந்தப் பக்கம் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள்.