என் வீடு மட்டும் மறந்த பசு

எங்கள் ஊரில் மாடுகளுக்கு யாரும் வீடு காட்டுவதில்லை. மாட்டுக்காரர் சாயங்காலம் மந்தையை ஏரிப்பக்கமிருந்து ஓட்டிவந்து தெருமுனையில் விட்டுவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். அதற்கப்புறம் அதது தன் வீட்டுக்குத் தானே போய்ச் சேரும். மனிதர்கள்தான் குடித்துவிட்டு வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், மாடு தட்டாது. பென்னலூருக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் எனக்குப் பிடித்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

1991இல் எங்கள் செவலைப் பசுவுக்கு மண்டையில் அடிபட்டது. பெங்களூர் ரோட்டைக் கடக்கும்போது ஏதோ கம்பெனிக்கு இரும்புக் கம்பி ஏற்றிப்போன லாரி இடித்ததில், ஒரு கொம்பு வேரோடு போய், காதுக்கு மேலே எலும்பு உள்வாங்கியிருந்தது. மாட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். கண் மேலே செருகிக் கிடந்தது. நான் கூப்பிட்டதும் ஒரு காது மட்டும் அசைந்தது. அது போதும் என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பசு எனக்கு யார் என்று சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிள்ளை பிறந்து தங்காமல் போன வருஷம், என் அப்பா வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதை வாங்கி, அவரே நடத்தி ஓட்டிவந்து என் வாசலில் கட்டிவிட்டுப் போனார். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். பேசத் தெரியாததற்குப் பதிலாக மாடு வாங்கிக் கொடுத்தார். அடுத்த தையில் அவரும் போய்விட்டார். அந்த வீட்டில் ‘என்னுடையது’ என்று நான் வாய்விட்டுச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து தையல் போட்டார். வேப்பெண்ணெயும் மஞ்சளுமாகக் காயத்தைப் பார்த்துக்கொண்டேன். பசு எழுந்து நின்றது, தீனி எடுத்தது, என் கையை நக்கியது. கறவைதான் நின்றுபோயிருந்தது. தப்பித்தோம் என்று கற்பூரம் ஏற்றினேன். கற்பூரம் அவசரப்பட்டுவிட்டது.

மந்தையோடு திரும்ப அனுப்பிய முதல் நாள் சாயங்காலம் எல்லா மாடும் வீடு சேர்ந்துவிட்டது, எங்களுடையது மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால் தெருமுனையில் தனியாக நிற்கிறது. முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறது. மறுநாள் எதிர்வீட்டுத் தொட்டியில் வாயை வைத்துவிட்டது. அந்த வீட்டுக்காரி விளக்குமாற்றோடு வந்தாள்.

“இன்னாமே, உன் மாடு என் தொட்டில கழனித்தண்ணிய குடிச்சிகினு கீது! கட்டிப் போட வக்கில்லியா?”

“அதுக்கு மண்டையில அடி பட்ருக்குக்கா...”

“மண்டையில அடி பட்டா எதிர்வூட்டு தவிடு மட்டும் தெரியுமா?”

அடிபட்டதுதான் காரணம் என்று என் அத்தையும் நம்பவில்லை. மாமியாராக இருந்தாலும் நல்லவள். ஆனால் ஒன்றை முடிவு கட்டிவிட்டால் சாமியே வந்தாலும் மாற்ற முடியாது. “பொறந்த வூட்டு நெனப்பு வந்துட்ச்சி. அதான் அடங்க மாட்டேங்குது” என்றாள். வாங்கி வந்த மாடு பழைய ஊரை நினைத்துக்கொண்டால் புது வீட்டில் கால் தரிக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

டாக்டரிடம் போய் நின்றேன். தலைக்குள் வழியையும் இடத்தையும் வைத்துக்கொள்கிற பாகம் தனியாக இருக்கிறது, அதில் அடிபட்டிருக்கும் என்றார். எலிகளுக்கு அந்தப் பாகத்தைக் கெடுத்துவிட்டு வளைந்து வளைந்து போகிற கூண்டில் விட்டால், பசிக்கும், தின்னும், ஆனால் வழியை மட்டும் கற்றுக்கொள்ளாதாம். படிக்கும்போது பார்த்ததாகச் சொன்னார்.

“சரியாவுமா சார்?”

“சொல்ல முடியாதும்மா. பழக்கிப் பாரு.”

பழக்கினேன். தினமும் ஏரியிலிருந்து வீட்டுக்கு அதே வழியில் கூட்டிவந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, தடவிக்கொடுத்து, “இது மாரியம்மன் கோயில், இங்க திரும்பணும்” என்று பாடம் நடத்தினேன். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாளில் நான் முன்னால் நடந்து குரல் கொடுத்தால் கயிறு இல்லாமலே பின்னால் வந்து தன் முளையில் நின்றது. சிரித்தவர்களே, “பழகிட்ச்சே!” என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் பின்தங்கி, வாயை மூடிக்கொண்டு நடந்தேன். கோயில் வந்தது. பசு நின்றது. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது, பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தது. அத்தனை நாளும் அது வழியைப் படிக்கவில்லை. என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது ஆளைத் தின்றுவிடும்.

குரல் கொடுக்க நான் தினமும் இருந்தால் பரவாயில்லை. அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் வேலைசெய்த கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அவர் சங்கக் கூட்டம், கேட் மீட்டிங் என்று அலைய, நான் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். அத்தை கூப்பிட்டால் பசு காதில் போட்டுக்கொள்ளாது. கட்டியே போட்டால் தீனி வாங்க வழியில்லை. மேய்ந்தால்தான் வயிறு.

ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். “எவன் வூட்டு மாடுடா இது, நட்டநடு ரோட்ல!” என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன். ஒற்றைக் கொம்பு. இரண்டு பக்கமும் லாரிகள் சீறிக்கொண்டு போக, அடிபட்ட அதே ரோட்டில், அது வாலைக்கூட ஆட்டாமல் நிற்கிறது. “நிறுத்துங்கண்ணா, என் மாடு!” என்று அலறிக்கொண்டு குதித்தேன். நான் கூப்பிட்ட குரலுக்கு, வந்த லாரியைச் சட்டை பண்ணாமல், நேராக என்னிடம் வந்தது. லாரிக்காரன் பிரேக் போட்ட சத்தம் இன்றைக்கும் என் பல்லில் கூசுகிறது.

வீட்டுக்காரர் அன்றைக்குச் சொல்லிவிட்டார். “கறவையும் இல்ல, வழியும் தெரியல. புரோக்கர் வரேன்னிருக்கான். கேரளா லாரில ஏத்திடலாம்.”

“என்னையும் சேர்த்து ஏத்துங்க.”

“ரோட்ல சாவறதுக்கு அது தேவலாம்டி.” அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.

அத்தைதான் குறுக்கே வந்தாள். பிறந்த வீட்டுக்கு ஒருதரம் ஓட்டிப்போய், விற்றவள் கையாலேயே ஒரு கவளம் ஊட்டி, ‘போ, அதான் உன் வூடு’ என்று சொல்லவைத்தால் தெளிந்துவிடும் என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் புரோக்கர் வருவதற்குள் வேறு என்ன செய்ய? முழுகுகிறவனுக்குத் துரும்பு. லீவு போட்டுவிட்டு விடியும்போதே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரகடம் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. பிரிகிற ஒவ்வொரு பாதையிலும் அது நிற்கும், நான் குரல் கொடுப்பேன், வரும். வெயில் தாழ அந்த ஊர் ஏரிக்கரை மேல் ஏறினோம். திடீரென்று கயிறு என் கையை இழுத்தது. பசு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கயிற்றை விட்டுவிட்டேன். அது கரையிறங்கி, புளியமரத்தைச் சுற்றி, ஒரு சந்தில் நுழைந்து, இன்னொரு சந்தில் திரும்பி, தயங்காமல் ஒரு வீட்டின் பக்கவாட்டில் போய் நின்றது. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு ஷீட் போட்ட அறை இருந்தது. அதன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, உள்ளே விடச்சொல்லி நின்றது.

‘துரோகி’ என்றுதான் முதலில் தோன்றியது. கன்றாக ஓடின சந்தெல்லாம் தெரிகிறது, நான் சோறு போட்ட வாசல் தெரியவில்லையா? அப்புறம்தான் உறைத்தது. பழைய வழிகள் மண்டையில் வேறெங்கோ பத்திரமாக இருந்திருக்கின்றன. அப்பா என் வாசலில் கட்டிவிட்டுப் போனதற்குப் பிறகு பழகின வழிகள்தான் அழிந்துவிட்டன. அது என்னை மறக்கவில்லை. என் வீட்டை மட்டும்தான் மறந்தது. இனிமேல் எத்தனை பாடம் நடத்தினாலும் அதற்கு அந்த வீடு பிடிபடப்போவதில்லை.

நடந்ததையெல்லாம் நான் சொல்லக் கேட்டு உள்ளே போன வீட்டுக்காரம்மா, மாட்டை விற்றவள், கவளத்தோடு வெளியே வந்தாள். “ஊட்ட வேணாங்க்கா. இங்கியே வச்சிக்கங்க” என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “வித்த மாட்ட திருப்பி வாசல்ல கட்னா குடும்பத்துக்கு ஆவாதும்மா.”

“விக்கல, வாங்கல. நாய் மாதிரி ஒரு ஓரமா இருந்துட்டு போவட்டும். அங்க போனா கேரளா லாரி, இல்ல ரோட்டு லாரி. உங்க கால்ல விழறேன்.” விழுந்தேன். வெட்கமெல்லாம் வழியிலேயே காலாவதியாகிவிட்டது.

அவள் ரொம்ப நேரம் பசுவைப் பார்த்தாள். அது சுவரிலிருந்து நெற்றியை எடுக்கவே இல்லை. கடைசியில் அவளே அதன் முதுகில் கை வைத்தாள்.

“இருக்கட்டும். ஆனா நீ இந்தப் பக்கம் வரக்கூடாது. உன் கொரல் கேட்டா உன் பின்னால வந்துடும். ஏரி தாண்டிட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது, ரோட்லதான் போய் நிக்கும். போவும்போதும் சொல்லிக்கினு போவாத.”

சொல்லிக்கொள்ளவில்லை. தடவிக்கூடக் கொடுக்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சந்தைத் தாண்டும்போது பின்னால் அது கூப்பிட்டது. நான் பதில் தருகிற வழக்கம் அதற்குத் தெரியும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிய பிறகும் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். கையை நீட்டி ரோட்டைக் காட்டினேன்.

“பேச்சு வராது போல கீதுப்பா, பாவம்” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.