பின்சுவர் காயும் வரை

என் அக்காவிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். வார்டுக்குள் அவள் வந்தால் டாக்டர்களே சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவளிடம் போய், அவள் வீட்டைப் பார்க்க வந்த இன்ஜினியர், "பேசாம இடிச்சிட்டுப் புதுசாக் கட்டிடலாம்மா" என்றார். பாவம், ஊருக்குப் புது ஆள்.

வீடு மலைச்சரிவில் இருக்கிறது. அக்காவின் மாமனார் கட்டியது. தெரு பின்பக்கம் மேட்டில் ஓடுகிறது; அங்கிருந்து நுழைந்தால் மேல்தளம். பதினொரு மரப்படி இறங்கினால்தான் சமையலறையும் படுக்கையறையும். பள்ளத்தாக்கைப் பார்த்த முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த மர ஜன்னல்கள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் வசதி? கறுப்புக் குமிழ் ஸ்விட்சைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கும். குளிக்க வெளியே போக வேண்டும். போதாக்குறைக்குக் கீழ் அறைகளின் பின்சுவரில் வருடம் முழுக்க ஈரம். அந்த அறையில் படுத்துப் படுத்து அத்தானுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது.

அக்காவின் மகன் வந்து கறாராகப் பேசினான். "அப்பாவோட மூச்சு முக்கியமா, ஜன்னல் முக்கியமா? மழைக்காலம் வர்றதுக்குள்ள சுவர் காயலைன்னா இடிச்சுடறோம்மா."

"காயும். காயலைன்னா கடப்பாரையை நானே எடுத்துத் தரேன்," என்றாள் அக்கா. சொன்ன சொல்லிலிருந்து அவள் மாற மாட்டாள்.

ஜன்னல், படி, சிவப்புத் தரை மூன்றிலும் கை வைக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஒயர் முழுக்கப் புதிதாக இழுத்தார்கள். படிக்குக் கீழே கிடந்த இருட்டுச் சாமான் அறை குளியலறை ஆனது. ஜன்னல் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெயிண்ட்டைச் சுரண்டி, நம்பர் போட்டுத் திரும்ப மாட்டினார்கள். ஒரே ஒரு சட்டம் இடம் மாறியதற்குத் தச்சர் வாங்கிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா!

சுவர் மட்டும் மசியவில்லை. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ராப்பகலாக ஃபேன் ஓடியும் காயவில்லை. நோயாளிக்குச் சார்ட் எழுதுவது போல, வாரா வாரம் ஈரம் ஏறிய உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள் அக்கா. நான்கு வாரமாகக் கோடு இறங்கவே இல்லை. "எல்லாம் உங்கப்பா கட்டின லட்சணம்!" என்று அத்தானைக் கரித்துக் கொட்டினாள். இருபத்தைந்து வருடமாக அவர் கேட்கும் பாட்டுதான்.

கோடு மூன்று இடத்தில் மட்டும் திமிறிக்கொண்டு மேலே போயிருந்ததைக் கொத்தனார் கவனித்தார். "தண்ணி பின்னாலேர்ந்து தள்ளுதும்மா" என்றவர், வீட்டின் பின்சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தார். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மலைமண் சரியாமல் தாங்கும் கல்சுவர். நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கலாம். கல்சுவரைத் தட்டிக்கொண்டே போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"தண்ணி வடியறதுக்கு வரிசையாக் குழாய் விட்டிருக்காங்க. அத்தனையையும் சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்கு! அப்புறம் மலைத்தண்ணி எங்கதான் போகும்? அடியில இறங்கி வீட்டுச் சுவர்ல ஏறுது. எந்த மகராசன் பண்ண வேலை இது?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "மகராசன் இல்ல, மகராசி. நான்தான்."

மாமனார் காலமான பிறகு நடந்தது. சந்து எப்போதும் சொதசொதவென்று இருக்கிறதே, துணி காயப்போடக்கூட முடியவில்லையே என்று ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் அடைத்தாள். சந்தும் காய்ந்தது. அந்தச் சாமர்த்தியத்தை எங்களிடம் எத்தனை தடவை அளந்திருப்பாள்! பிறகு உள்ளே சுவர் நனைந்தபோது, இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கட்டியவர் மேல் பழி போட்டாயிற்று.

"இப்போதைக்கு உங்க அத்தான்கிட்ட மூச்சு விடாதே," என்றாள் என்னிடம்.

அடைப்புகளை ஒவ்வொன்றாகத் துளைத்தார்கள். மூன்றாவதில் சேற்றுத்தண்ணீர் பீறிட்டுக் கொத்தனாரைக் குளிப்பாட்டியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவே சந்துக்குள் இறங்கி, அந்தத் தண்ணீர் வெளியே ஓட வேண்டிய வாய்க்காலைத் தூர்வாரினாள். அடுத்த வாரம் கோடு இரண்டு விரற்கடை இறங்கியது. பிறகு இறங்கிக்கொண்டே வந்தது.

மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு மகன் வந்தான். பின்சுவரில் உள்ளங்கையை வைத்தான். நம்பாமல் கன்னத்தையும் வைத்துப் பார்த்தான்.

"ஈரமே இல்லம்மா! தாத்தா பண்ண தப்பை நீ சரி பண்ணிட்டே. இனிமே இடிக்கிற பேச்சே கிடையாது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். நான்கூடக் கண் ஜாடை காட்டினேன். அவளா கேட்பாள்? நேரே போய் அத்தானின் முன்னால் நின்றாள்.

"உங்கப்பா சரியாத்தான் கட்டியிருக்கார். சந்துல அந்தக் குழாயை எல்லாம் நான் அடைச்சேனே, அதனாலதான் ஈரம். உங்களுக்கு மூச்சு இரைக்கறதும் என்னாலதான். நர்ஸ் உத்தியோகம் பார்த்துட்டு நானே..."

அத்தான் பின்சுவரைத் தடவிப் பார்த்தார்.

"சிமெண்ட்டைக் குழைச்சுக் குடுத்ததே நான்தானே, அது போகட்டும்," என்றார். "ஆனா நீ சொல்லிச் சொல்லி, எங்கப்பாவுக்கு வீடு கட்டத் தெரியலைன்னு நானும் நம்பிட்டேனே."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.