பதினேழாம் எண் பெட்டி

மெழுகு வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பாயின்ட் டூ டூ தோட்டாவின் ஈய மூக்கில் மெல்லிசாக மெழுகு பூசியிருப்பார்கள். எடுத்து வைக்க வைக்க விரலெல்லாம் பிசுபிசுக்கும். ஃபேன் ஓடினால் தராசில் எண் நிற்காது என்பதால் அதையும் நிறுத்திவிடுவேன். தஞ்சாவூரில், மே மாதத்தில்... வியர்வை தராசில் சொட்டிவிடுமோ என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே எடை போடுவேன்.

எனக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தமில்லை. வெடிச்சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். சுடுவது என் மனைவி கமலா. விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றதும் ரைபிள் கிளப்பில் சேர்ந்தாள். ஐம்பது மீட்டர் தூரம், குப்புறப் படுத்து அறுபது குண்டு.

நான் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். "நெல்லை எண்ணின கைதானே, இதையும் எண்ணுங்க" என்று கிளப் அறையில் உட்கார வைத்துவிட்டாள்.

எடை குறைந்த தோட்டா அவ்வளவு தூரம் போவதற்குள் சற்றுக் கீழே இறங்கிவிடும் என்பார்கள். ஆகவே ஒரே எடையுள்ளவை ஒரு பெட்டி, கூடக்குறைய உள்ளவை இன்னொரு பெட்டி. ஆனால் நான் பிரிப்பதில் பலன் உண்டா என்று எனக்கே சந்தேகம். சோதித்துப் பார்க்கப் பெட்டிகளில் வெறும் எண் மட்டும் ஒட்டினேன். எந்த எண் தேறியது, எந்த எண் ஒதுக்கியது என்பது என் நோட்டில் மட்டும் இருக்கும்; சுடுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. கூடத்தில் அப்படித்தான் செய்வோம்.

திருச்சியில் போட்டி. தகுதி மதிப்பெண் எடுத்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். கிளம்பும் அவசரத்தில் கிளப் செயலாளர், "சார், எந்தப் பெட்டி?" என்றார்.

"பதினேழு" என்று வாயில் வந்துவிட்டது. மாற்றுக்கு இருக்கட்டும் என்று பதினாறையும் எடுத்துக்கொண்டார்.

கமலா சுட ஆரம்பித்த பிறகுதான் பையில் கை விட்டேன். நோட்டு இல்லை.

வெளியே ஓடி வந்து வீட்டுக்கு போன் செய்தேன். மருமகள் தேடி எடுத்துப் படித்தாள். "பதினாறு, தேறியது. பதினேழு... ஒதுக்கியதுன்னு போட்டிருக்கு மாமா. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

திரும்பி வந்தபோது முப்பது குண்டு முடிந்திருந்தது. மதிப்பெண் நன்றாகவே இருந்தது. பதினாறாம் பெட்டி அவள் முழங்கைக்குப் பக்கத்தில், மூடியபடி. ஒரு வார்த்தை போதும். ஆனால் பின்னாலிருந்து சுடுகிறவரிடம் பேசக் கூடாது என்பது விதி. நடுவரிடம் சொல்லலாமா? சொன்னால் அவள் கவனம் கலையாதா? முன்னால் ஓர் அடி வைத்தேன். "சார், கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க" என்றார் ஒருவர். நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடித் திறந்து மதிப்பெண்ணைப் பார்த்தேன்.

நாற்பத்தொன்றாவது குண்டு பத்துக்கு எட்டு. நடுப்புள்ளிக்கு நேர் கீழே.

கமலா தலையைத் தூக்கினாள். துப்பாக்கியைப் பார்க்கவில்லை, தோட்டாவையும் பார்க்கவில்லை. துப்பாக்கியைத் தாங்கும் தன் இடது உள்ளங்கையைப் பார்த்தாள். விரித்தாள், மூடினாள்...

ஒரே ஒரு மதிப்பெண்ணில் தகுதி போயிற்று.

திரும்பும் ரயில் பூதலூரைத் தாண்டும்போது, "அடுத்த வருஷம் வேணாங்க. கை ஆடுது. ஆட ஆரம்பிச்சா மரியாதையா வெளிய வந்துடணும்" என்றாள்.

"கமலா... அது ஒதுக்கின பெட்டி."

"எப்பத் தெரியும்?"

"முப்பது முடிஞ்சப்போ."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"பேசக் கூடாதுன்னு ரூல்..."

"ரூலாம் ரூலு! கல்யாணமான நாள்லேர்ந்து வாயத் தொறக்காம இருக்கறதுக்கு உங்ககிட்ட ஏதாவது ஒரு ரூல் இருக்கு." எதிர் சீட்டில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சற்று நேரம் கழித்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். கோபம் இல்லை.

"அப்ப என் கை ஆடல. சொல்லுங்க, ஆடலதானே?"

அதே பெட்டியிலிருந்து போன மற்றத் தோட்டாக்கள் சரியாகத்தான் விழுந்திருந்தன. ஒரே ஒரு குண்டை வைத்துக் கையா, தோட்டாவா என்று யாராலும் சொல்ல முடியாது. கூடத்தில் இப்படி ஒரு முடிவுக்கு நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்.

"ஆடல" என்றேன்.

மறு வருஷம் தகுதி பெற்றாள். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் சுட்டாள். அந்த எட்டு எதனால் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அவள் கை நிஜமாகவே ஆடுகிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். அரை டம்ளருக்கு மேல் நான் ஊற்றுவதில்லை. ஏன் குறைச்சல் என்று அவளும் கேட்பதில்லை.

அன்று ரயிலில் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாளே... அது நல்ல காலம். கேட்கிற அளவுக்கு அவளுக்கும் சந்தேகம் மிச்சம் இருந்தது.