கல்லுக்குழி என்றே எழுதியிருந்தார் அக்கா

அக்காவின் ஓராண்டு நினைவுக்கு வந்து, பந்தியில் இடம் கிடைக்கும்வரை இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும், நண்பர்களுக்கும், பூங்காத் தெருக்காரர்களுக்கும் தங்கை எழுதுவது. அட்டைப்படத்தில் அக்கா சிரிக்கிறார். நான் கோபமாக இருக்கிறேன். "நெனவு மலர்ல போயி யாரையும் வையாத பிள்ள. நல்லதா நாலு வார்த்த எழுது" என்றார் அண்ணன். அக்காவைப் பற்றி நல்லதாக எழுத நாலாயிரம் வார்த்தை இருக்கிறது. எழுத விடாமல் பூங்கா வாசலில் ஒரு கருங்கல் பலகை மறித்துக்கொண்டு நிற்கிறது.

அக்கா பிறந்தது இலுப்பூருக்கு மேற்கே, வானம் பார்த்த பூமியில். மழை பொய்த்து, அப்பாவும் காய்ச்சலில் போன வருடம் ஆத்தா மூன்று பிள்ளைகளோடு புதுக்கோட்டைக்கு வந்தார். அண்ணனுக்குப் பத்து வயது, அக்காவுக்கு எட்டு, நான் ஆத்தாவின் இடுப்பில். திருக்கோகர்ணத்துக்கு அப்பால் அப்போது ஒரு கல்லுக்குழி இருந்தது. ஆண்கள் வெடி வைத்துப் பாறையைப் பிளப்பார்கள். பெண்கள் மேட்டில் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து, பழைய டயர் வளையத்துக்குள் கல்லை இருத்தி, சுத்தியலால் ஜல்லி உடைப்பார்கள். ஊரின் சாலைகள் அந்தப் பெண்களின் காலடியிலிருந்துதான் கிளம்பிப் போயின. ஆத்தாவும் அந்த வரிசையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா கூடை சுமந்தார். எங்கள் சோறும் சிலேட்டும் தீபாவளித் துணியும் அந்தக் கல்தூசியிலிருந்து வந்தவை. ஆத்தாவுக்குக் கடைசியில் மிஞ்சிய இருமலும் அதிலிருந்து வந்ததுதான்.

அக்கா படித்தார். சத்துணவு அமைப்பாளர் ஆனார். பிள்ளைகள் தட்டில் சோறு குறைந்தால் எதிரே நிற்பது எந்த அதிகாரி என்று பார்க்க மாட்டார். அத்தான் சீக்கிரமே போய்விட்டார். ஒற்றை மகனை ஆளாக்கி ஷார்ஜாவுக்கு அனுப்பினார். கல்லுக்குழி மூடப்பட்டு, அங்கே உழைத்த குடும்பங்கள் ஊரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு, சுற்றிலும் மனைகள் விற்பனைக்கு வந்தபோது, குழிக்கு எதிரிலேயே ஒரு மனை வாங்கினார். "வேற எடமே கெடைக்கலையா ஒனக்கு?" என்று அண்ணன் சத்தம் போட்டார். "எனக்குத் தெரிஞ்ச எடம் இதுதாண்ணே" என்றார் அக்கா.

பூங்கா தானாக முளைத்ததாகச் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குழி நிறைய மழைத்தண்ணீர், அதன்மேல் நம் எல்லோர் வீட்டுக் குப்பை, கரையெல்லாம் சீமைக்கருவை. பணி ஓய்வு பெற்ற மறுவாரமே அக்கா அரிவாளோடு இறங்கினார். ஒரு மாதம் தனியாக வெட்டினார். பிறகு தெருப் பெண்கள் வந்தார்கள். கருவை போனது, கரையில் புங்கன் வந்தது, சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் குடியிருப்போர் சங்கம் வந்தது. நடைபாதை, ஊஞ்சல், அன்னம் போல ஒரு படகு. நல்லதுதான். அக்கா ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாசலில் வைக்க இடத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். டவுன் பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து, கல் உடைத்த பெண்களைத் தெருத்தெருவாகத் தேடிப் போனார் அக்கா. பலர் இல்லை. இருந்தவர்களிடம் இல்லாதவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரே ஒரு பக்கம் எழுதிச் சங்கக் கூட்டத்தில் கொடுத்தார். செயலாளர் படித்துவிட்டு நாலாக மடித்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா? பார்க்குக்கு வர்றவங்க சந்தோஷமா வரணும். அரண்மனைப் பெண்கள் நீராடிய குளம்னு போட்டா நம்ம ஏரியாவுக்கே ஒரு கௌரவம்."

"அதுக்கு ஆதாரம் இருக்குங்களா சார்?"

"பெரியவங்க சொல்லக் கேள்வி."

"எந்தப் பெரியவங்க? ஒரு படி கூட இல்லாத குழியில அரண்மனைப் பொம்பளைங்க எப்புடி எறங்குனாக, இடுப்புல கயித்தக் கட்டியா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் அரண்மனைக்கே கை தூக்கியது. அண்ணன் தூக்கினார். இதைப் படிக்கிற சிலரும் தூக்கினீர்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "ஆத்தா கல்லு ஒடச்சத போர்டு போட்டு ஊருக்குச் சொல்லணுமா? பேத்திக்கு வரன் பாக்குற நேரம்."

"அந்தக் கல்ல ஒடச்சுத்தாண்ணே ஒனக்கு மொத வேட்டி எடுத்துச்சு ஆத்தா. வர்றவுக ஒன் வேட்டிய ஒதறிக் கல்தூசி விழுதான்னா பாக்கப் போறாக?"

அண்ணன் ஒரு மாதம் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை.

பூங்காவில் நடந்த பொங்கல் விழாவுக்கு அக்கா ஆட்டோவில் வெள்ளையம்மாளை அழைத்து வந்தார். ஆத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைத்தவர். எலுமிச்சை ஸ்பூன் போட்டிக்கும் மியூசிக்கல் சேருக்கும் நடுவே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கியிருந்தார் அக்கா. வெள்ளையம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் கல்லு ஒடைக்கையில எம் பிள்ள இந்த மேட்டுலதான் தூங்கும். நீங்கள்லாம் சேரு போட்டு ஒக்காந்திருக்கீகள்ல, அங்கதான். வெடி போட்டா ஓடியாந்து பிள்ள மேல கவுந்து படுத்துக்குவேன்." அதற்கு மேல் பேச விடவில்லை. குலுக்கல் பரிசு அறிவிக்க வேண்டுமாம். மைக் கைமாறியது. நாம் எல்லோரும் சீட்டு எண்ணைப் பார்க்கக் குனிந்தோம். நானும் குனிந்தேன்.

பொங்கல் முடிந்ததும் பாறைச் சுவருக்குச் சிமென்ட் பூசினார்கள். வெடி வைக்கத் துளைத்த தடங்கள், வரிசை வரிசையாக, விரல் விட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தவை, ஒரு வாரத்தில் காணாமல் போயின. மேலே நீலம் அடித்து வெள்ளைத் தாமரை வரைந்தார்கள். பூங்கா மேம்பாடு என்று அதற்குப் பெயர். சாட்சிக்கு இருந்த பாறையின் வாயைப் பொத்திவிட்டு, பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் அக்காவுக்கு இதயம் தளர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் கேட்டார்: "போர்டு வச்சுட்டாகளா?"

"வச்சாச்சுக்கா."

"என்ன போட்டுருக்காக?"

காலையில்தான் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அரண்மனை, பல்லக்கு, தோழிகள், தாமரை. "நீ எழுதுனதத்தான்க்கா" என்றேன்.

"ஆத்தா பேரு இருக்கா?"

"இருக்குக்கா."

"எத்தனாவதா?"

"கடைசியா. நீ எழுதுன மாதிரியே."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லாத ஒரு மனுஷிக்கு, கடைசி வழிக்குச் சோறாக நான் கட்டிக் கொடுத்தது என் பொய். மற்றவர்கள் மீதுள்ள கோபத்தையெல்லாம் அளந்துவிடலாம், என் மீதுள்ளதை அளக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செயலாளர் வந்தார். செல்போனில் படம் காட்டினார். பலகையின் அடியில் புதிதாக ஒரு வரி செதுக்கியிருந்தார்கள்: 'வரலாற்றுத் தகவல் உதவி' என்று போட்டு அக்காவின் முழுப்பெயர். எந்தப் பொய்யை எதிர்த்து நின்றாரோ, அந்தப் பொய்யைச் சொன்னவரே அவர் என்று கல்லில் வெட்டிவிட்டார்கள். அண்ணன் கண் கலங்கி, "பாத்தியா பிள்ள, ஒங்கக்கா பேரு நெலச்சு நிக்கிது" என்றார். நான் பந்தியிலிருந்து எழுந்து போனேன். தலைவலி என்று நினைத்துக்கொண்டீர்கள்.

பெயரை எடுக்கச் சொல்லி மூன்று முறை போய்க் கேட்டேன். "எறந்தவங்களுக்கு மரியாத பண்றோம், அதையும் வேண்டாங்குறீங்களேம்மா" என்றார் செயலாளர். மரியாதை வேண்டாம் ஐயா. அக்கா எழுதிய பக்கத்தை வையுங்கள். வைக்க மனமில்லையா, பெயரையாவது விட்டுவிடுங்கள்.

அவர் மடித்து வைத்ததன் நகல் என்னிடம் இருந்தது. அக்காவின் எழுத்து இதுதான்:

"இது கல்லுக்குழி. மனிதர் தோண்டியது. இங்கே பெண்கள் வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள். நீங்கள் வந்த சாலையில் அவர்கள் உடைத்த கல் கிடக்கிறது. தெரிந்த பெயர்கள்: வெள்ளையம்மாள், மூக்காயி, சின்னப்பொண்ணு, ரெங்கம்மாள், இரண்டு பாக்கியங்கள், காது கேளாத அழகி, காளியம்மாள். தெரியாத பெயர்கள் இன்னும் உண்டு. தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள், சேர்த்துக்கொள்ளலாம்."

காளியம்மாள் எங்கள் ஆத்தா. இந்தப் பக்கத்தை மலரில் போடப்போகிறேன் என்றதும், "ஆத்தா பேர மட்டும் எடுத்துரு" என்றார் அண்ணன். எடுக்கவில்லை. அவர் இதை அச்சில்தான் பார்க்கிறார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் அக்காவின் தலைவாரிப் பூ வைத்துவிட்ட செவிலியருக்கு. இரண்டாம் மாதம் அரிவாளோடு கூட இறங்கிய தெருப் பெண்களுக்கு. அழைத்த நேரமெல்லாம் ஆட்டோ எடுத்து வந்த தம்பிக்கு. மைக் பிடுங்கப்பட்ட பிறகும் அக்காவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாளுக்கு. இன்றைக்கும் வந்திருக்கிறார், முன்வரிசையில், பச்சைச் சேலை. போய்ப் பேசுங்கள்.

பந்தி வாசலில் ஒரு மனுவோடு நிற்கிறேன். பலகையில் அக்காவின் பக்கம் வர வேண்டும், இல்லையென்றால் அக்காவின் பெயர் போக வேண்டும். அவ்வளவுதான் அதில் இருப்பது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது வரியில் நான் போட்டிருக்கிறேன். முதல் வரி அண்ணனுக்கு. அவர் போடும்வரை அது காலியாகவே இருக்கும்.