கடல் தண்ணீரும் இடது கெண்டைக்காலும்

எனக்கு நாற்பத்தாறு வயதில் டாக்டர் நடக்கச் சொன்னார். துறைமுகத்துக் கிடங்கில் உட்கார்ந்தபடியே மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "தினமும் காலையில கடற்கரை வரைக்கும் போய்ட்டு வாரும். இல்லேன்னா ஊசிதான்" என்றார். எனக்கு ஊசி என்றால் பயம்.

நடப்பது கஷ்டமில்லை. கஷ்டம் எங்கள் தெருதான். எங்கள் ஊரில் எதிரே வருகிறவரை "எங்க போறிய?" என்று கேட்பதுதான் மரியாதை. கேட்காமல் போனால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். 1970களில் உடம்புக்காக நடக்கிற ஆள் எங்கள் பக்கம் கிடையாது. நடந்தால் எங்காவது போய்ச் சேர வேண்டும். முதல் நாள் தெருமுனைக்குள் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். யாரிடமாவது சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தை பேசினாலே எனக்குக் காது சூடாகிவிடும். ஒருவரிடம் கோயில் என்றேன், இன்னொருவரிடம் தபாலாபீஸ் என்றேன். எதிர்வீட்டு அக்கா இரண்டையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கோயிலுக்கா, தபாலாபீஸுக்கா? ஒண்ணுக்குப் போ தம்பி. ரெண்டும் ரெண்டு திசையில்லா இருக்கு?"

மறுநாள் கையில் மண்ணெண்ணெய் டின்னோடு கிளம்பினேன். மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடாக இருந்த சமயம் அது. டின் தூக்கிப் போகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. என் தந்திரத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் காலி டின்னோடு திரும்பியபோது தெருவே ஆறுதல் சொல்ல வந்துவிட்டது. கிடைக்கலியா, அந்தக் கடையில் பார்த்தியளா, இந்தக் கடையில் கேட்டியளா என்று ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நடந்த நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம்.

ஆகவே அடுத்த நாளிலிருந்து கடற்கரையில் டின் நிறையக் கடல் தண்ணீர் மொண்டு, மூடியை இறுக்கித் தூக்கி வந்தேன். நிறைந்த டின்னோடு வருகிறவனுக்கு ஆறுதல் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றிவிடுவேன். என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், "தண்ணி தூக்குததுன்னு ஆயிப்போச்சு, நல்ல தண்ணியாத் தூக்கிட்டு வரக்கூடாதா? நான் குழாயடியில நிக்க வேண்டாம்லா" என்றாள்.

மூன்றாவது வாரம் வலி வந்தது. இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரைக்கும், யாரோ கயிறு கட்டி இழுப்பது போல. மனைவி வேப்பெண்ணெய் தேய்த்தாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். உப்பளம் சூழ்ந்த எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமா? வலி எதற்கும் கேட்கவில்லை. மறுபடி டாக்டரிடம் போனேன்.

"எப்ப வலிக்கி?"

"திரும்பி வரும்போது."

"போகும்போது?"

"இல்லை."

அவர் என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "போகும்போது ஒரு கால், வரும்போது வேற காலா?" என்றார். டின்னைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் ஓய்வெடுத்தேன். மூன்றாம் நாள் நடந்தபோது, திரும்பும் வழியில், அதே இடத்தில் மறுபடி இழுத்தது.

நடந்தால் கால் போகும், நடக்காவிட்டால் ஊசி, உண்மையைச் சொன்னால் மானம். இந்த யோசனையோடு ஒருநாள் டின்னில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்த ஒருவர், பல நாளாக என்னைப் பார்த்தவர்போல, "நேர்ச்சையா அண்ணாச்சி?" என்று கேட்டார். சாமிக்கு வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்; தலையை ஒரு மாதிரி ஆட்டினேன்.

"நேர்ச்சைன்னாலும் ஒத்தக் கையிலயா தூக்குவாக? பாரம் வலது கையில, உடம்பு இடப்பக்கம் சாயுது. இடது கால் வெளிப்புறமா மடங்கி மடங்கில்லா போகுது. ரெண்டு கைக்கும் ஒண்ணு ஒண்ணாத் தூக்கிப் பாருங்க."

எனக்கு அழுகை வராத குறை. மறுநாள் இரண்டு சின்ன டின்களோடு போனேன். வலி பாதியாகக் குறைந்தது. நான்காம் நாள் மாயமாய்ப் போனது. காலைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நான், தெருவைப் பார்க்க மறந்துவிட்டேன். ஊரே ஒரு சொட்டு மண்ணெண்ணெய்க்கு அலையும்போது, ஒருவன் தினமும் இரண்டு டின் கொண்டுவருகிறான்!

ஐந்தாம் நாள் பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் டின். அவர்களுக்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா. நான் வேகமாக நடந்தேன். அவர்களும் வேகமாக நடந்தார்கள். கால் நன்றாக இருந்ததால் இன்னும் வேகமாக நடந்தேன். கடைசியில் கடல் வந்துவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை.

அக்கா மூச்சிரைக்க, "எங்கன தம்பி கடை?" என்றாள்.

"கடை இல்லக்கா. டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"அப்போ டின்னுல?"

"கடல் தண்ணி."

அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஏலே, இவன் உப்புத் தண்ணிய ஊர்வலம் விட்டிருக்கான்லே!" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். வீடு வரைக்கும் அந்தச் சிரிப்பு என் பின்னாலேயே வந்தது. என் காது இரண்டும் ஒத்தடம் கொடுக்கிற சூட்டில் இருந்தன.

அதற்குப் பிறகு என்னை யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. வெறுங்கையோடு நடந்தேன். மூச்சு வாங்குவது நின்றது, ஊசியும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்தது. மனைவி டின்னைக் கொடுத்து அனுப்பினாள். வரிசையில் நின்று நிஜமாகவே வாங்கி, பாதி வழியில் கை மாற்றிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றாள்.

"என்ன தம்பி, மறுபடியும் தண்ணி தூக்க ஆரம்பிச்சாச்சா?"

மண்ணெண்ணெய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எங்கே, எப்போது, இன்னும் இருக்கிறதா என்று கேட்பாள். ஆனால் அவள் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே. மூடியைத் திறந்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

அடுத்த நிமிடம் அவள் தன் வீட்டு டின்னோடு ரேஷன் கடையை நோக்கி ஓடினாள். அவ்வளவு வேகமாக நான் ஒருநாளும் நடந்ததில்லை.