என் போனுக்கு வந்த ஓடிபி

போன வருடம், ரிசல்ட் வந்து ஐ.டி.ஐ. சேர்க்கை நடந்துகொண்டிருந்த சமயம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் நானும் என் கணவரும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். ஆன்லைனில் விண்ணப்பம் போட மலைக் கிராமத்துப் பிள்ளைகள் எங்களிடம்தான் வருவார்கள். பாதிப் பேர் ஊரில் டவரே கிடைக்காது. அதனால் விண்ணப்பத்தில் என் போன் நம்பரையே கொடுத்துவிடுவேன். ஓடிபி, மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வரும். இத்தனை பிள்ளைகள் என்னால்தான் படிக்கிறார்கள் என்று உள்ளுக்குள் கர்வம் வேறு.

கிளியூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டாவது முடித்தவள். எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னாள். பெண் பிள்ளை கரண்டு போஸ்ட் மரம் ஏறுவாளா என்று நானே முடிவுகட்டி, முதல் விருப்பம் தையல், இரண்டாவது எலக்ட்ரீஷியன் என்று போட்டேன். "உனக்கு இதுதான் நல்லது கண்ணு" என்றேன். "சரிங்கக்கா" என்றாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர்கள் எது சொன்னாலும் சரிங்க என்றுதான் சொல்வார்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மதியம் இரண்டரை மணிக்குப் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். பகீர் என்றது. அவளுக்கு எலக்ட்ரீஷியன் இடம் கிடைத்திருப்பதாக முந்தின நாளே மெசேஜ் வந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் தராவிட்டால் இடம் போய்விடும். கிடைத்ததையே எடுத்துக்கொள்ளலாம், இல்லை முதல் விருப்பத்துக்கு மாற்றச் சொல்லலாம்.

தையலுக்கே மாற்றிவிடுவோம் என்று அழுத்தினேன். ஓடிபி வந்தது. ஆறு எண்ணில் நாலு அடித்துவிட்டேன். பின்னாலிருந்து என் கணவர், "ஏம்புள்ள, அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டவரில்லாத ஊரில் எங்கே போய்க் கேட்பது? ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடித்ததை அழித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அவள் வீடு பூட்டியிருந்தது. எஸ்டேட்டில் களை எடுக்கப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே போனால் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர், "நொம்ப உள்ள இருக்கறாங்க, நீங்க நடக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவரே கூப்பிடப் போனார். நான் போனில் மணியைப் பார்ப்பதும் தோட்டத்தைப் பார்ப்பதுமாக நின்றேன். நாலேகாலுக்கு அவள் மண் கையோடு ஓடிவந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு எது வேணும்னு பயப்படாம சொல்லு சாமி" என்றேன்.

"தையல் மெஷின் எங்கூட்லயே இருக்குதுங்கக்கா. அம்மாகிட்டயே கத்துக்குவேன். கரண்டு வேலை படிச்சாத்தானுங்க கம்பெனிக்குப் போக முடியும். அன்னைக்கு உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சுங்க."

யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அவளைப் பின்னால் உட்காரவைத்து, டவர் கிடைக்கும் வளைவு வரைக்கும் ஓட்டினேன். ஒரு புள்ளி வரும், போகும். ஓடிபி வர மாட்டேன் என்றது. இரண்டாவது தடவைதான் வந்தது. போனை அவளிடமே கொடுத்தேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளே எண்களை அடித்தாள். எலக்ட்ரீஷியன் இடம் உறுதி என்று திரையில் வந்தபோது ஐந்தாக எட்டு நிமிடம். அப்பாடா! ரோட்டோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போதும் என் நம்பரைத்தான் கொடுக்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் விருப்பம் போடும் பக்கம் வந்ததும் மவுஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு நான் உதவி செய்தேன் என்று கிளியூரில் பேசிக்கொள்கிறார்கள். அவள் அன்று தப்பித்ததே என்னிடமிருந்துதான் என்பது எனக்கல்லவா தெரியும்!