கரைக்குப் பட்டா

இன்று காலை தேவிபட்டினம் பஸ்ஸில் எங்கள் முன்னாள் முனிசிபல் சேர்மன் ஏறினார். சட்டசபைக்கு நிற்கிறார்.

"நான் ஜெயிச்சா நில இலாகா என் கைக்கு வருது. உங்க கடக்கரையை ஆளுக்கொரு துண்டாப் பட்டா போட்டுத் தாரேன்" என்றார்.

யாரும் கைதட்டவில்லை.

மீன்கூடையோடு நின்ற அம்மா கேட்டார்: "கரைவலைய ஊரே சேந்து இழுக்குறோம். நடுவுல எல்லைக்கல்லு நட்டா எங்கன நின்னு இழுக்க?"

சேர்மன் முகம் சிவந்துவிட்டது. "ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே தாலுகா ஆபீசுல சொல்லியாச்சு. நாளைக்கே அளக்க ஆள் வருது!"

"வரட்டும். அந்த வலையிலயே சுருட்டி அனுப்புறோம்."

பஸ்ஸே தலையாட்டியது.

காலடியில் இருந்த சர்வே சங்கிலியை மெதுவாக சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அளக்கப் போகிறவன் நான்தான்.

லீவு லெட்டருக்கு நல்ல காரணம் யாராவது சொல்லுங்கள்.